தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை: சிமுலேட்டரில் பிஎஃப் 109-ஐ நேராக ஓட்டக் கற்றது

ஒவ்வொரு முயற்சியும் எப்படி முடிந்தது என்று குறித்துவைத்த நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பது அப்படியே:

"1: இடப்பக்கம் புல். 2: இடப்பக்கம் புல். 3: இடப்பக்கம் புல், இறக்கை போச்சு. 4: வலப்பக்கம் புல் (எப்படி?). 5: இடப்பக்கம். 6: கிளம்பிவிட்டது! மூன்று நொடி. இடப்பக்கமாகக் கவிழ்ந்து தீ."

ஒரே ராத்திரியில் 14 விமானம். ஒன்றைக்கூட எதிரி சுடவில்லை. எல்லாம் ஓடுபாதையிலேயே முடிந்தது.

அதற்கு முன் டிசிஎஸ் என்ற கணினி விமான சிமுலேட்டரில் மாதக்கணக்கில் எஃப்/ஏ-18 ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆடுகிற கப்பலின் மேல்தளத்தில் ஜெட்டை இறக்கத் தெரிந்தவனுக்கு, இரண்டு கிலோமீட்டர் நீள ஓடுபாதையில் ஒரு பழைய விசிறி விமானம் என்ன பெரிய சவால் என்ற மிதப்பு. இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் போர் விமானமான பிஎஃப் 109 கே-4-ஐத் தேர்ந்தெடுத்து, ஜெட்டில் செய்வதுபோல த்ராட்டிலை (இஞ்சினின் திறனைக் கூட்டும் நெம்புகோல்) ஒரே தள்ளாக முன்னால் தள்ளினேன். மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வலது காலை மிதிப்பதற்குள் புல்லில் இருந்தேன்.

இதைச் சரிசெய்ய ஏறக்குறைய மூன்று வாரம் பிடித்தது. அதில் ஒரு வாரம் தவறான இடத்தில் தேடியதில் போயிற்று. அந்தத் தவறையும் சேர்த்தே எழுதுகிறேன். அதே பள்ளத்தில் விழுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில், இது ஏன் இப்படிச் செய்கிறது. 109-இன் விசிறி, விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது பின்னால் தள்ளும் காற்று உடலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு போய் வால் துடுப்பை இடப்புறமிருந்து அறைகிறது. வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம் போகும். விசிறியைச் சுற்றவைக்கும் திருகுவிசைக்கு எதிர்விசையாக உடல் இடப்பக்கம் சாயப் பார்க்கிறது. அதனால் இடது சக்கரம் தரையில் கூடுதலாக அழுந்தி இழுக்கிறது. வால் தரையில் இருக்கும்வரை விசிறி மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால், கீழே இறங்கும் வலப்பக்க அலகு அதிகக் காற்றைக் கடிக்கிறது. அதுவும் இடப்பக்கமே திருப்பும். இது போதாதென்று, வால் மேலே எழும்பும் கணத்தில் சுழலும் விசிறி பம்பரத்தின் குணத்தைக் காட்டி இன்னொரு தடவை இடப்பக்கம் தள்ளும். நான்கும் ஒரே பக்கம்.

இதற்குமேல் வால் சக்கர விமானங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. எஃப்-18-இலோ அது எடையைத் தாங்கும் பெரிய சக்கரங்களுக்கு முன்னால். அங்கே விமானம் கொஞ்சம் கோணினால் அதன் எடையே இழுத்து நேராக்கிவிடும். இங்கே கோணினால் எடை இன்னும் கோணலாகத் தள்ளும், கோணல் கூடக் கூட வேகமாக. உள்ளங்கையில் கம்பை நிமிர்த்தி நிறுத்துகிற விளையாட்டுதான் இது. கம்பு சாய்ந்தபிறகு கையை நகர்த்துகிறவன் கையில் அது நிற்காது.

109-க்கு மட்டும் இன்னொரு சாபம்: சக்கரக் கால்கள் இறக்கையில் இல்லை, உடலோடு சேர்ந்திருக்கின்றன. காரணம் புத்திசாலித்தனமானதுதான். இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கும். பழுது பார்க்கவும் ரயிலில் ஏற்றவும் வசதி. ஆனால் சக்கரங்களுக்கிடையே அகலம் குறைந்துபோனது. 1935-இல் முதலில் பறந்தபோது அதில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் கெஸ்ட்ரல் இஞ்சின். ஆமாம், பிரிட்டிஷ் இஞ்சின்! சுமார் 700 குதிரைத் திறன். 1944-இல் வந்த கே-4-இல் டைம்லர்-பென்ஸ் 605, 1,800-ஐத் தாண்டும். திறன் இரண்டரை மடங்கானது. கால்கள் கிட்டத்தட்ட அதே குறுகல் கால்கள்.

இதெல்லாம் இரண்டாம் நாளே படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் புல்லில்தான் இருந்தேன்.

அடுத்து அமைப்புகளில் கைவைத்தேன். தவறான தேடல் என்று சொன்னது இதைத்தான். என்னிடம் இருப்பவை மூன்றாவது கை மாறி வந்த பெடல்கள். இவற்றை மிதித்தால் ரடர், அதாவது மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகடு, அசையும். மேல்விளிம்பை முன்னால் அழுத்தினால் அந்தந்தப் பக்கத்துச் சக்கர பிரேக் பிடிக்கும் வகை. "ரடர் ரொம்பத் துடிப்பாக இருக்கிறது" என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி, ரடர் அச்சின் வளைவை 30-க்கு ஏற்றினேன். வளைவு என்பது நடுவில் மெத்தனமாகவும் ஓரங்களில் கூர்மையாகவும் ஆக்கும் அமைப்பு. விளைவு? சின்னத் திருத்தத்துக்கு விமானம் மசியவே இல்லை. இன்னும் மிதி, இன்னும் மிதி என்று போய் திடீரென்று முழு ரடரும் ஒரே நேரத்தில் கடித்தது. நோட்டில் "வலப்பக்கம் புல்" என்ற வரிகள் பெருகியது அந்த வாரம்தான். இப்போது 10-இல் வைத்திருக்கிறேன். கால் நீளமாக நகரும் நல்ல பெடல் இருந்தால் பூஜ்யமே போதும். பெடல் இல்லாமல் ஜாய்ஸ்டிக்கை முறுக்கி ரடர் கொடுப்பவர்களுக்கு 20 பக்கம் தேவைப்படலாம். அதன் நகர்வு அவ்வளவு குட்டை.

டிசிஎஸ்ஸில் இந்தப் பழைய விமானங்களுக்கென்று "ஸ்பெஷல்" பக்கத்தில் டேக்-ஆஃப் உதவி என்று ஒரு தள்ளுபட்டை உண்டு. 100 வரை போகும். வைத்துப் பார்த்தேன், கிளம்பியது. ஆனால் எவ்வளவு நான் செய்தது, எவ்வளவு அது செய்தது என்று தெரியவில்லை. கால் ஒன்றும் கற்கவில்லை. பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டேன். உதவியோடு பறப்பதில் தப்பொன்றும் இல்லை, சண்டைதான் வேண்டுமென்றால் அதை வைத்துக்கொண்டே சந்தோஷமாகப் பறக்கலாம். எனக்கு வீம்பு.

திருப்பம் ஒரு நண்பனால் வந்தது. நான் லேண்டிங் பதிவு ஒன்றை அவனுக்கு அனுப்பிப் புலம்பியிருந்தேன். பார்த்துவிட்டு ஒரே கேள்வி: "இறங்கும்போது இஞ்சின் சும்மாதானே இருக்கு? அப்பவும் ஏன்டா இடது பக்கமே போகுது?"

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நியாயமான கேள்வி. த்ராட்டில் மூடியிருக்கும்போது மேலே சொன்ன நான்கு காரணங்களும் ஏறக்குறைய இல்லை. இரண்டு பக்கமும் சம வாய்ப்பாகத்தான் கோண வேண்டும். என் நோட்டிலோ 11 லேண்டிங்கில் 10 இடப்பக்கம்.

சிமுலேட்டரை மூடிவிட்டு விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறந்தேன். பெடலைத் தொடாமல் இருக்கும்போது வலது பிரேக்கின் பட்டை காலியாக இருந்தது. இடது பிரேக்கின் பட்டையும் காலி. சரி என்று மூடப்போனவன், இடதை ஒருமுறை முழுக்க அழுத்தி விட்டேன். பட்டை இறங்கியது, அடியில் ஒரு விரல்கடை உயரத்தில் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தி விட்டேன். வேறொரு உயரத்தில் நின்றது. அதாவது ஒருமுறை பிரேக் பிடித்த பிறகு, இடது சக்கரம் ஒருபோதும் முழுக்க விடுபடவே இல்லை. கிளம்பும் முன் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கும் நல்ல பழக்கம் என்னிடம் இருந்தது. அதுவே எனக்கு வினை. எஃப்-18-இல் இது தெரியாமல்போனதற்குக் காரணம், அங்கே மூக்குச் சக்கரமே திருப்பிக்கொடுக்கிறது, அகலமான கால்கள் வேறு.

பெடலைத் திருப்பிப்போட்டு அடித்தட்டின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே பழைய பாணி பொட்டென்ஷியோமீட்டர். பெடல் சாயும்போது ஒரு சின்ன நெம்புகோல் அதன் தண்டைத் திருப்பும்; எத்தனை திரும்பியது என்பதை மின்தடையின் மாற்றத்தால் கணினி அறியும். நெம்புகோலைத் தண்டோடு இறுக்கிப் பிடிக்கும் குட்டித் திருகு தளர்ந்திருந்தது. அழுத்தும்போது தண்டைத் திருப்பியது. திரும்பி வரும்போது பாதியில் வழுக்கியது. கூடவே உள்ளே ஒரு சுருள் முடி, தூசி. காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு பீச்சு பீச்சி, தண்டை இருபது முப்பது தடவை முழுக்கத் திருப்பிவிட்டு, காய்ந்ததும் பெடலை ஓய்வு நிலையில் வைத்துக்கொண்டு திருகை இறுக்கினேன். மூடி, கேலிபரேஷன் செய்தேன். பத்துத் தடவை அழுத்தி விட்டதில் பத்தும் பூஜ்யத்துக்கு வந்தது. காந்தத்தைத் தொடாமலே அளக்கும் ஹால் சென்சார் பெடல்களில் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் இவை இன்னும் சில வருடம் ஓடும்.

பெடல் வைத்திருப்பவர்கள் டிசிஎஸ்ஸில் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேக் அச்சுகளைத் தலைகீழாக்க வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் காலை எடுத்தால் முழு பிரேக், மிதித்தால் விடுதலை என்று பல பெடல்கள் நடந்துகொள்ளும். அடுத்தது, அச்சின் அமைப்பில் "ஸ்லைடர்" என்ற கட்டத்தைத் தேர்வு செய்துவிட்டு டெட்ஸோன் (சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காத பகுதி) 3 அல்லது 4 கொடுங்கள். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் டெட்ஸோன் அச்சின் நடுவில் உட்காரும், பிரேக்குக்கு வேண்டியது அடிமுனையில்.

அன்று ராத்திரி ஐந்து முயற்சி. மூன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம், ஒன்று சுத்தமாக வானத்தில். ஆக, பாதிக் குற்றம் பெடலுடையது. மீதி என்னுடையது.

அந்த மீதியைச் சரிசெய்ததை ஒரே ஒரு டேக்-ஆஃபை மெதுவாக ஓட்டிக் காட்டினால்தான் புரியும்.

ஓடுபாதையின் நடுவில் நிற்கிறேன். மூக்கு கண்முன்னே சுவர்மாதிரி நிற்பதால் நேரே ஒன்றும் தெரியாது. மூக்கின் இருபக்கமும் ஓடுபாதையின் ஓரமும் புல்லும் இரண்டு முக்கோணங்களாகத் தெரிகின்றன. இனிமேல் என் வேலை அந்த இரண்டு முக்கோணமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டுமே. கருவிகளைப் பார்ப்பதில்லை. காட்சியைப் பெரிதாக்கியும் வைப்பதில்லை. அகலமாக வைத்தால் ஓரக்கண்ணில் அசைவு தெரியும். உண்மையான விமானியின் முதுகும் இடுப்பும் கோணலை முதலில் உணர்ந்துவிடும், நமக்கோ கண் மட்டும்தான்.

ஃப்ளாப், அதாவது மெதுவான வேகத்திலும் தூக்கல் கிடைக்க இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு, 20 டிகிரி. பதினைந்து இருபது மீட்டர் மெல்ல உருட்டுகிறேன். வால் சக்கரம் நேராக வரட்டும் என்பதற்காக. நேரானதும் அதன் பூட்டு நெம்புகோல். கோணலாக இருக்கும்போது பூட்டப்போய் ஏமாந்த கதைகள் நோட்டில் இருக்கின்றன. ஸ்டிக் வயிற்றோடு, வால் சக்கரம் தரையில் நன்றாக அழுந்தட்டும்.

த்ராட்டில். மனசுக்குள் ஐந்து எண்ணும் நேரத்தில் 1.0 ஏடிஏ (இஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்த அளவு; த்ராட்டிலோடு ஏறும்). த்ராட்டிலை நகர்த்தத் தொடங்கும்போதே வலது கால் கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது. மூக்கு திரும்பட்டும், பார்த்து மிதிக்கலாம் என்று இருந்தால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இடது முக்கோணம் சுருங்குகிறது, ஒரு நூல்தான். டப்: வலது கால் ஒரு தட்டு. மூக்கு வலப்பக்கம் நகரத் தொடங்குகிறது. தொடங்கியதுமே காலைத் தளர்த்துகிறேன், அது நடுவுக்கு வந்து சேரும்வரை காத்திராமல். இங்கேதான் இத்தனை நாள் தவறினேன். நேரான பிறகு காலை எடுத்தால், அது நடுவைத் தாண்டி வலப்பக்கம் போய்விடும். பதறி இடது காலை மிதித்தால் இஞ்சினும் அதே பக்கம் சேர்ந்துகொள்ளும். நாலாம் முயற்சியின் "எப்படி?" என்ற கேள்விக்கு விடை இது.

ஆக டப், விடு. டப், விடு. தையல் மிஷின் மிதிப்பதுபோல இல்லை. அதற்கு ஒரு தாளம் உண்டு, இதற்குக் கிடையாது.

1.3 ஏடிஏ-க்கு மெல்ல ஏற்றுகிறேன். வேகம் கூடக் கூட ரடரின் மேல் காற்று பலமாக வீசுவதால் அதே தட்டுக்கு அதிக பலன். தட்டுகள் சிறுக்க வேண்டும். ஸ்டிக்கின் இழுப்பைத் தளர்த்துகிறேன். முன்னால் தள்ளுவதில்லை, தளர்த்துவது மட்டும். வால் தானாக லேசாகும். தள்ளி வேகமாக எழுப்பினால் பம்பரக் குணம் ஒரே அடியாக இடப்பக்கம் இழுக்கும். வால் சக்கரத்தின் பிடியும் அதே நொடியில் போய்விடும். மெல்ல எழும்பினால் அந்த இழுப்பும் மெல்லவே வரும், ஒரு கூடுதல் தட்டில் அடங்கும்.

சுமார் 180 கிமீ-யில் சக்கரச் சத்தம் நிற்கிறது. இடது இறக்கை சாயப் பார்க்கிறது. வலப்பக்கம் கொஞ்சம் ஸ்டிக், அதோடு கால். ஸ்டிக்கை இழுத்து உடனே ஏறப் பார்த்ததுதான் ஆறாம் முயற்சியின் தீ. தரையை ஒட்டியே ஓடவிட்டு வேகம் சேர்ந்தபின் ஏறுகிறேன். சக்கரம் உள்ளே. அப்புறம்தான் ஃப்ளாப், அதுவும் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி.

லேண்டிங் இதைவிடச் சுலபமாக வந்தது என்றால் நம்பமாட்டீர்கள். இஞ்சின் அமைதியாக இருப்பதால் அது தன்பாட்டுக்கு இழுப்பதில்லை. 250-க்குக் கீழே வந்ததும் ஃப்ளாப்பை முழுதாக இறக்கி, இறுதி நேர்கோட்டில் 200, ஓடுபாதையின் முனையைத் தாண்டும்போது சுமார் 180. வேகம் குறையக் குறைய இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஸ்லாட்கள் என்ற தகடுகள் தாமாக வெளியே வரும். பயப்பட வேண்டாம், அவை நமக்கு நண்பர்கள். தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்தில் த்ராட்டிலை மூடிவிட்டு, விமானம் இறங்கப் பார்க்கப் பார்க்க இறங்கவிடாமல் ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே வர, கடைசியில் மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும்.

குதித்தால்? முன்சக்கரங்கள் பலமாகத் தரையில் பட்டால் பின்னால் இருக்கும் எடை வாலைக் கீழே இழுக்கும். மூக்கு மேலே போகும். இறக்கைக்கு மீண்டும் தூக்கல் கிடைத்து விமானம் எழும்பும். அப்போது பயந்து ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் அடுத்த குதி இன்னும் பெரிதாக இருக்கும், மூன்றாவதில் விசிறி தரையில். சின்னக் குதியென்றால் ஸ்டிக்கை அப்படியே பிடித்துக் காத்திருக்கிறேன். பெரிய குதியென்றால் த்ராட்டில் கொடுத்துத் திரும்ப ஏறிவிடுகிறேன், ஆனால் மெல்ல. அந்த வேகத்தில் த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளினால் 1,800 குதிரையும் சேர்ந்து விமானத்தையே இடப்பக்கமாகப் புரட்டிப்போடும். அனுபவம்.

ஆபத்து தொட்டபிறகுதான். 60, 70 கிமீ-க்குக் கீழே ரடருக்குக் காற்று இல்லை. "இறங்கிவிட்டோம்" என்று நான் மூச்சுவிடுவதும் சரியாக அங்கேதான். ஏழு விமானம் அப்படிப் போயிருக்கிறது. ஸ்டிக் வயிற்றோடு, வால் சக்கரம் பூட்டியபடி, கோணினால் எதிர்ப்பக்க பிரேக்கில் ஒரு தொடல். ஒரு நொடிக்குமேல் பிடிப்பதில்லை. விமானம் முழுக்க நின்றபிறகுதான் கால் ஓய்வு.

109 பழகியபின் மற்ற பழைய போர் விமானங்களைத் தொட்டுப் பார்த்தேன். பி-51-இல் காக்பிட்டிலேயே ரடர் ட்ரிம், அதாவது கால் மிதிக்காமலே ரடரை ஒரு பக்கமாக வைத்திருக்கும் அமைப்பு, இருக்கிறது. வலப்பக்கம் 6 டிகிரி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 109 விமானிக்கு அந்த வசதி இல்லை. எஃப்டபிள்யூ 190-இன் கால்கள் நல்ல அகலம். ஆனால் வால் சக்கரத்தின் பூட்டு ஸ்டிக்கோடு இணைந்தது, பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும்வரைதான் பூட்டு. 109 பழக்கத்தில் ஸ்டிக்கைச் சீக்கிரம் தளர்த்தி அங்கேயும் ஒருமுறை புல்லைப் பார்த்தேன். ஸ்பிட்ஃபயர் 9-இல் பூட்டே கிடையாது, வால் சக்கரம் தன் இஷ்டத்துக்குச் சுழலும்; பிரேக்கும் ஸ்டிக்கில் ஒரே பிடி, எந்தச் சக்கரத்துக்கு என்பதை ரடர் பெடல் முடிவு செய்யும். நின்று பழகவே ஒரு சாயங்காலம் போயிற்று. ஐ-16 கிளம்புவதில் சாது. கிளம்பியபின் சக்கரத்தை உள்ளே இழுக்கக் கைப்பிடியை 44 சுற்றுச் சுற்ற வேண்டும்.

வேறொரு சிமுலேட்டரில் ஸ்பிட்ஃபயர் 14 கிடைத்தது. உற்சாகமாக வலது காலை முன்கூட்டியே உள்ளே வைத்துக்கொண்டு த்ராட்டில் கொடுத்தேன். நேராக வலப்பக்கப் புல். அதிலிருக்கும் கிரிஃபான் இஞ்சின் விசிறியை எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. முந்தைய மெர்லின் இஞ்சினில் பழகிய ஸ்பிட்ஃபயர் விமானிகளுக்கே அதைப் பழக வேண்டியிருந்தது என்பது ஒரு சின்ன ஆறுதல்.

இப்போது காற்றைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். மிஷன் எடிட்டரில் குறுக்குக் காற்று விநாடிக்கு 3 மீட்டர், பிறகு 5. வலப்புறமிருந்து வீசினால் வாலை இடப்பக்கம் தள்ளி மூக்கைக் காற்றை நோக்கி வலப்பக்கம் திருப்பும். இஞ்சினின் இடப்பக்க இழுப்போடு அது கழிந்துபோவதால் காற்றே இல்லாததைவிடச் சுலபம். அந்த வெற்றியில் நாலு நாள் மிதந்தேன்.

நோட்டில் கடைசி இரண்டு வரி:

"112: வலக்காற்று 5. நேர்க்கோடு. கோட்டைவிட்டு அரை மீட்டர்கூட நகரவில்லை.

113: இடக்காற்று 5. புல்."

எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.